உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 2, திங்கள்

ஓய்வு பெற்றபின் நாட்குறிப்பு எழுதுவதை விட்டிருந்தேன். எழுத என்ன இருந்தது? பால் வந்தது, பேப்பர் வந்தது, இடுப்பு வலித்தது. இன்றைக்குத்தான் எழுத ஒன்று கிடைத்திருக்கிறது.

காலை ஒன்பதரைக்கு மகளிர் சிறை வாசலில் நின்றேன். குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பயிற்சி வகுப்பு, படிவம், டீ, பிஸ்கட் என்றே ஓடிப்போனது. தண்டனை முடிந்து வெளியே வரும் பெண்களுக்கு முதல் ஒரு மாதம் கூட இருந்து கைகொடுப்பதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. எனக்கென்று ஒதுக்கிய முதல் ஆள் இன்று வந்தாள். பெயர் அஞ்சுகம், வயது ஐம்பத்து மூன்று. பதினேழு வருடம் உள்ளே இருந்திருக்கிறாள்.

கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு, சாலையோரம் என்றும் பாராமல் குந்தி உட்காரப் போனாள். உள்ளே காலையும் மாலையும் தலை எண்ணும்போது அப்படித்தான் உட்கார வேண்டுமாம். "எழுந்திரும்மா, நான் எண்ண வரல" என்றேன். சிரிப்பாளென்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

குழுவின் விடுதிக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கென்று ஒதுக்கிய அறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றவள் நின்றபடியே இருந்தாள். ஜெபம் செய்கிறாளாக்கும் என்று நினைத்து நானும் நின்றேன். நல்ல கூத்து.

"பூட்டல. தள்ளு."

"நான் தள்ளலாமா மேடம்?"

பதினேழு வருடமாக அவள் எந்தக் கதவையும் தானாகத் திறந்ததில்லை. யாராவது திறப்பார்கள், யாராவது பூட்டுவார்கள். பயிற்சி வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

விடுதியில் முப்பது நாள்தான் இருக்கலாம். ஜூலை 2 அன்று காலி செய்ய வேண்டும். அதற்குள் லால்குடியில் இருக்கும் தம்பி தனபால் அழைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒரு வாடகை அறை கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சேலம் பக்கம் ஒரு காப்பகம். குழுவை நடத்தும் வத்சலா சொன்னாள், அங்கே மாலை ஆறு மணிக்கு வெளிக் கேட்டைப் பூட்டிவிடுவார்களாம்.

அஞ்சுகம் அதைக் கேட்டு, "அது பழகுனதுதான் மேடம்" என்றாள். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

ஜூன் 5, வியாழன்

சத்திரம் பேருந்து நிலையம் வரை நடந்தோம். சாலையைக் கடக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கடை வாசல்களையே துழாவிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அந்தச் செவப்பு போன் எல்லாம் எங்க மேடம்? ஒரு ரூவா போட்டுப் பேசுவமே?"

முந்தானை முடிச்சில் இரண்டு ஒற்றை ரூபாய் நாணயம் வைத்திருந்தாள், தம்பியிடம் பேசுவதற்கு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த ஊரில் என்னைத் தவிர இன்னொருத்தி போனைத் தேடுகிறாள்! நடுத்தெருவில் நின்று அவளுக்குப் பாடமே எடுத்துவிட்டேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாற்பது வருடம் ஆபரேட்டர், அதில் பதினாறு வருடம் வெளியூர் கால்களை இணைக்கும் ட்ரங்க் போர்டில். காதில் ஹெட்போன், எதிரே நூறு துளை, கையில் வயர். இந்தத் துளையில் சொருகினால் மதுரை, அந்தத் துளையில் மெட்ராஸ். மூன்று நிமிடம் ஆனதும் உள்ளே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்போம். நீட்டிக்கவில்லையென்றால் பிடுங்கிவிடுவோம். எத்தனை காதலை, எத்தனை சண்டையைப் பாதியில் பிடுங்கியிருப்பேன்!

"பாவம் இல்லையா மேடம்?"

"பாவந்தான். சட்டம் அப்படி."

"ஆமா" என்றாள். சட்டத்தைப் பற்றி அவளிடமா பேசினேன் என்று வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போனேன். திரும்பி வந்தால் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர். மாடியில் குடியிருந்த பேங்க்காரப் பையன் மாற்றலாகிப் போனதிலிருந்து மாடி காலி. ஆள் இருந்தால் மோட்டாரையாவது நிறுத்துவார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

குழுக் கூட்டத்துக்கு அஞ்சுகம் சமைக்கிறேன் என்றாள். ஆறு பேருக்கு. போய்ப் பார்த்தால் விடுதியில் இருந்த அண்டா, குண்டான், வாளி எல்லாவற்றிலும் சாம்பார்! பதினோரு வருடம் சிறைச் சமையலறையில் இருந்தவள். முந்நூறு பேருக்கு எவ்வளவு உப்பு என்று கை சொல்லும், ஆறு பேருக்குச் சொல்லாது. "கொறச்சுத்தான் வச்சேன் மேடம்" என்று கண்கலங்கி நின்றாள். தெருவே வந்து வாங்கிப்போனது. ருசியோ அபாரம்.

வத்சலா கெட்டிக்காரி. தில்லைநகரில் ஒரு பெண்கள் விடுதி மெஸ்ஸில் உடனே பேசிவிட்டாள். அங்கே தினமும் நூற்றிருபது சாப்பாடு. அஞ்சுகத்தின் கைக்குச் சரியான அளவு. திங்கட்கிழமையிலிருந்து வேலை. ஆனால் தங்க இடம் கிடையாது. ஊரில் இடம் கிடைத்தால்தான் வேலையும் நிலைக்கும்.

ஜூன் 13, வெள்ளி

இன்று அவள் பேசினாள். கேட்காமலே.

அவள் ஊர் துறையூர் பக்கம். அப்பாவுக்கு வடக்கே பிலாயில் இரும்பு ஆலையில் வேலை. மாதம் ஒருமுறை ஊர்த் தபாலாபீஸுக்கு ட்ரங்க் கால் போடுவாராம். பி.பி. கால், அதாவது இன்னாரைக் கூப்பிட்டுவிடு என்று பெயர் சொல்லிப் போடுவது. தபால்காரர் ஆளனுப்புவார். இவள் ஓடிப்போய்க் காதில் வைத்தால், அப்பா குரலுக்கு முன்னால் ஒரு பெண் குரல் வருமாம்.

"'திருச்சி பேசுறோம், லைன்ல இருங்க'ன்னு சொல்லும் மேடம். அம்புட்டு நல்லா இருக்கும். நான் பன்னெண்டு வயசுப் புள்ள. என்னையப் போயி 'இருங்க'ன்னு யாரு சொன்னா? அது ஒண்ணுதான் சொல்லுச்சு."

எண்பத்து நான்கு என்றாள் வருடத்தை. எண்பத்து நான்கில் துறையூர்ப் பக்கத்துக் கால் எல்லாம் எங்கள் போர்டு வழியாகத்தான் போகும். நானாகவும் இருந்திருக்கலாம். நாற்பது பெண்கள் இருந்தோம், கிரேஸாகவும் இருக்கலாம், அலமேலுவாகவும் இருக்கலாம். அவள் சொல்லச் சொல்ல அந்த அறையின் வாசனையே வந்துவிட்டது. சூடான வயர், மல்லிகைப்பூ, கேண்டீன் வடை. மின்விசிறி கிறீச்சிடும், ஒரே நேரத்தில் நாற்பது குரல் "லைன்ல இருங்க" என்று சொல்லும். ஊரே எங்கள் விரல் நுனியில் பேசிக்கொண்டிருந்தது. அந்த நாட்கள் திரும்புமென்றால் இந்த இடுப்பு வலியோடேகூட ஷிப்டுக்குப் போவேன்.

"அந்தக் குரல் நானாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். கிரேஸ் மன்னிப்பாளாக.

ஜூன் 16, திங்கள்

உறையூரில் ஓர் அறை பார்த்தோம். நல்ல காற்று, தனிக் குழாய். வீட்டுக்காரர் அன்பாகத்தான் பேசினார். "இதுக்கு முன்ன எங்க குடியிருந்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அஞ்சுகம் சொல்லிவிட்டாள், "ஜெயில்லங்க." அவருக்கு அப்புறம் அந்த அறையைத் தம்பி மகனுக்கு ஒதுக்கியது ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. தண்டனை முடிந்த பிறகும் தண்டிக்க இவர் யார்? இடத்தை வைத்துக்கொண்டு மனதைப் பூட்டியிருக்கிற மனிதர்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அஞ்சுகம்தான், "விடுங்க மேடம், பயப்படத்தான செய்வாங்க" என்று என்னைச் சமாதானம் செய்தாள்.

சாயங்காலம் வத்சலா போனில், "உங்க மாடி காலியாத்தான இருக்குக்கா?" என்று கேட்டாள். மாடி ஒழுகுகிறது. வெள்ளையடிக்கவும் வேண்டும். தவிர, வீட்டு முகவரியே கொடுக்கக் கூடாது என்று குழுவின் விதியில் ஆறாவதாக இருக்கிறது. அதை எழுதியதே வத்சலாதான். ஞாபகப்படுத்தினேன்.

ஜூன் 18, புதன்

எதற்காக உள்ளே போனாய் என்று நாங்கள் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை. மெஸ் வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது அவளாகச் சொன்னாள்.

புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பது வழக்கம். அன்றைக்கு அவள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தான். கையில் இருந்தது குழவி.

"ஒரு அடிதான் மேடம். நான் அவர அடக்கத்தான் நெனச்சேன். மொளகாக் கையோட அவரு மூஞ்சியத் தொட்டுப் பாத்தேன். எரியுதுன்னு சொல்லல."

பேருந்து வந்தது. கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 19, வியாழன்

சமையலறையை ஒழுங்கு செய்தேன். வேண்டாத பாத்திரம், பழைய பாட்டில் எல்லாம் கழித்தேன். அம்மிக் குழவியைத் தூக்கிப் பரணில் போட்டேன். மிக்ஸி வந்த பிறகு யார் அரைக்கிறார்கள். அம்மியை அசைக்க முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

தம்பிக்குப் போன் செய்தோம். அஞ்சுகம் நான்கு நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க பேசுங்க மேடம், உங்க குரலுக்கு மரியாத குடுப்பான்" என்றாள். விடுதி வராந்தாவில் உட்கார்ந்து போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒருவருக்கு லைன் கொடுக்கும் முன், இன்னார் பேசுகிறார், பேசுகிறீர்களா என்று கேட்க வேண்டும். மறுத்தால் கொடுக்கக் கூடாது. ஒரு நாளும் மீறியதில்லை. இன்று மீறினேன். அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்லாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் இளகியதும் அக்காள் குரலைக் கேட்கவைத்தால் கரைந்துவிடுவார் என்று கணக்கு.

தனபால் மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா மேல எனக்குக் கோவமில்லைங்கம்மா. வருசா வருசம் போயிப் பாத்திருக்கேன். ஆனா ஆவணில பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்ல அக்கா செத்துப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம். இப்ப எப்படிங்கம்மா கூட்டிட்டு வர்றது?"

நான் ஸ்பீக்கரை அணைக்கத் தடவினேன், பாழாய்ப்போன பொத்தான் அகப்படவில்லை. நாற்பது வருடம் வயரைப் பிடுங்கிய கை! அதற்குள் அவர் என்னிடமும் ஏதோ கேட்டார். லைன் சரியில்லை. ஒரே இரைச்சல். வைத்துவிட்டேன்.

"அவன் சொல்றதும் நியாயந்தான் மேடம்" என்றாள் அஞ்சுகம். பிறகு டீ குடித்த தம்ளர் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

இடுப்பு வலி. போகவில்லை.

ஜூன் 25, புதன்

போகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

போனேன். எப்போதும்போல எழுந்து நின்றாள், நாற்காலி போட்டாள். எப்போதும்போல இல்லை. எக்ஸ்சேஞ்சைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தேன், மின்னல் கால் பற்றி. சாவுச் செய்திக்கெல்லாம் எட்டு மடங்கு கட்டணம் கட்டிப் போடுவார்கள், மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு அதைக் கொடுப்போம். "அப்படிங்களா மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

காப்பகத்துக்குக் கடிதம் போய்விட்டது. இரண்டாம் தேதி காலைப் பேருந்து. மெஸ்ஸில் நாளையோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 28, சனி

அவள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சேலை, ஒரு போர்வை, வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கதவு சாத்தியிருந்தது. நான் கிளம்ப எழுந்தபோது அவளே போய்த் திறந்துவிட்டாள். எனக்காகத் திறக்கிறாள். தனக்கென்றால் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

"எம்புட்டோ செஞ்சிட்டீங்க மேடம்" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

நாட்குறிப்பில் பொய் எழுதுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று?

லைன் நன்றாகத்தான் இருந்தது. இரைச்சலே இல்லை. தனபால் கேட்டது இது. "இவ்ளோ சொல்றீங்களேம்மா, உங்க வீட்ல ஒரு ரூம் குடுப்பீங்களா எங்கக்காவுக்கு? மனசத் தொட்டுச் சொல்லுங்க."

நான் பேசவில்லை. லைனில் ஆள் இருந்தும் பேசாமல் இருப்பதற்கும் லைன் அறுந்துபோவதற்கும் வித்தியாசம் எங்களுக்குக் காதில் விழுந்ததுமே தெரியும். ஆள் இருந்தால் மூச்சு இருக்கும். அன்று என் மூச்சு இருந்தது. அதை அந்தப் பக்கம் தனபால் கேட்டார், இந்தப் பக்கம் அஞ்சுகம் கேட்டாள். தம்பி சொன்னதைவிட அதுதான் அவளைச் சுட்டிருக்கும். தம்பி தன் மகள் கல்யாணத்தை நினைத்துப் பயந்தார். எனக்கு என்ன கல்யாணம்?

மாடி ஒழுகவில்லை. ஏப்ரலில்தான் வெள்ளையடித்தது. ஆறாவது விதியைப் பற்றி இன்று வத்சலாவிடம் கேட்டேன். "அது உங்க பாதுகாப்புக்குக்கா. நீங்களா விரும்பிக் குடுத்தா யாரு தடுக்கப்போறா?" என்றாள். எனக்கு முன்பே தெரியும்.

பயந்தேன். குழவியைப் பரணில் போட்டது அதனால்தான். உறையூர் வீட்டுக்காரரை வழியெல்லாம் திட்டினேனே, அவராவது முகத்துக்கு நேரே மறுத்தார். நான் முந்தானையைப் பிடிக்கவிட்டு, கதை சொல்லி, அந்தக் குரலும் நான்தான் என்று பெருமையடித்து, கடைசியில் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

காலை பத்தரைக்கு விடுதி எண்ணைப் போட்டேன். நேரில் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்த வழி இதுதான். அஞ்சுகத்தைக் கூப்பிடச் சொன்னேன். பெயர் சொல்லி, பி.பி. கால் போல.

"நான் பிலோமினா பேசறேன். ஒண்ணு கேக்கணும். மொதல்ல, கேக்கலாமா?"

"கேளுங்க மேடம்."

"அன்னைக்கு உன் தம்பி கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. பயத்துல. இப்ப சொல்றேன். மாடி ரூம் காலியா இருக்கு. வாடகை மெஸ் சம்பளத்துல முடிஞ்சதக் குடு. உனக்கு இஷ்டம்னா வா. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மூச்சு இருந்தது. பின்னால் யாரோ வாளியை இழுக்கும் சத்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவளுக்கு யோசிக்க உரிமை உண்டு. என்னை நம்பலாமா என்று அவளும் பார்க்க வேண்டாமா? மூன்று நிமிடம் ஆனபோது பழைய பழக்கத்தில் கை துடித்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அந்த ரூம்புக் கதவுக்கு... உள்பக்கம் தாப்பா இருக்கா?"

"இருக்கு. பித்தளைத் தாப்பா. கொஞ்சம் இறுக்கமா இருக்கும்."

"அப்ப வர்றேன்" என்றாள்.

ஜூலை 2, புதன்

எண்ணெய் விட்டுத் தாழ்ப்பாளை இளக்கினேன். பத்து மணிக்கு மஞ்சள் பையோடு கேட்டருகே வந்து நின்றாள். கேட் வெறுமனே சாத்தியிருந்தது. வராந்தா நாற்காலியில் இருந்த நான் எழுந்து ஓடப்போனேன், பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்திருக்க இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. எதிர்வீட்டு ரோசாலி என்ன நினைத்தாளோ, விருந்தாளி வெயிலில் நிற்க இவள் நாற்காலியில் இருக்கிறாளே என்று.

அஞ்சுகம் என்னைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். கொக்கியைத் தூக்கினாள். உள்ளே வந்து திரும்பி, தானே மாட்டினாள்.

சமையலறையைச் சுற்றிப் பார்த்தவள் அம்மியருகே நின்றுவிட்டாள்.

"குழவி எங்க மேடம்?"

பாட்டிலோடு கழித்துவிட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"பரண்ல. நாந்தான் போட்டேன். பயந்துக்கிட்டு."

அவள் பரணை நிமிர்ந்து பார்த்தாள். கோபித்துக்கொண்டு பையை எடுப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அங்கனயே கெடக்கட்டும்க்கா" என்றாள். "எனக்கும் அதப் பாத்தா பயந்தான்."

இருவரும் கொஞ்ச நேரம் பரணையே பார்த்துக்கொண்டு நின்றோம். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

இரண்டு பேருக்கு ரசம் வைத்தாள். ரோசாலி வீட்டுக்கு ஒரு தூக்கு, பின்வீட்டுக்கு ஒரு தூக்கு கொடுத்தும் இன்னும் இருக்கிறது. மெஸ்ஸில் பேசிவிட்டேன், நாளையிலிருந்து வரச் சொன்னார்கள். சாப்பிட்டதும் சற்றுப் படுக்கிறேன் என்று மாடிக்குப் போனாள்.

கீழே இதை எழுத உட்கார்ந்தபோது மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. உடனே திறக்கும் சத்தம். மறுபடி போடும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் போட்ட சத்தம் கேட்டது, அப்புறம் அவள் தூங்கிவிட்டாள்.